தனிக்குடும்ப வீட்டுமனைகளுக்கான அமெரிக்க நகரத் திட்ட விதிகள்: எந்த அளவு எதற்காக?

அமெரிக்க நகரங்களில் தனிக்குடும்ப வீடுகளைக் கட்ட முன்வருபவர்களுக்கு மனையின் குறைந்தபட்சப் பரப்பு, முகப்பு அகலம், நாற்புறமும் விட வேண்டிய காலியிடம், உயரம், கார் நிறுத்துமிடம், சாலை அகலம் என்று நீண்ட விதிப்பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன, இவை எல்லாமே பாதுகாப்புக்கானவைதானா என்பது கேள்வி. இவற்றில் ஒரு பகுதி தீ, வெள்ளம், கழிவுநீர் ஆகியவற்றின் இயல்பை ஒட்டிப் பிறந்தது. அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இன்னொரு பகுதி ஒரு தெருவில் யார் குடியேறலாம் என்பதை மறைமுகமாகத் தீர்மானிப்பதற்காகப் பிறந்தது. இரண்டும் ஒரே விதித்தொகுப்பில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வெறும் எண்களாக நிற்பதால், பழக்கமில்லாதவர்களுக்கு எல்லாமே பொறியாளர்கள் கணக்கிட்டு எழுதியவை போலத் தோன்றுகின்றன. ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக எடுத்து, அது எதைக் காக்கிறது என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே மனை விதி கிடையாது. நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுடையது. அவை அதை நகரங்களுக்கும், மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதிகளான கவுண்டிகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. அதனால் ஒரு மனைப்பிரிவு பல தொகுப்புகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. எந்த மண்டலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்பதை மண்டல விதிகள் சொல்கின்றன. நிலத்தை எப்படித் துண்டாக்கலாம், சாலை, குழாய், வடிகால் ஆகியவற்றை யார் போட்டுத் தர வேண்டும் என்பதை மனைப்பிரிவு விதிகள் சொல்கின்றன. வீட்டின் சுவர், சன்னல், படிக்கட்டு ஆகியவற்றைக் கட்டடக் குறியீடு கவனிக்கிறது. தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்புவதைத் தீயணைப்புக் குறியீடு கவனிக்கிறது. இவற்றில் கட்டடக் குறியீடும் தீயணைப்புக் குறியீடும் பெரும்பாலும் நாடு தழுவிய மாதிரிக் குறியீடுகளை ஒட்டியவை. சோதனைகளின் அடிப்படையிலும் விபத்துகளின் பாடங்களாலும் திருத்தப்படுபவை. மண்டல விதிகளுக்கு அத்தகைய பின்புலம் பெரும்பாலும் இல்லை. பல ஊர்கள் பக்கத்து ஊரின் விதிகளைப் பார்த்து எழுதிக்கொண்டவை அவை.

தனிக்குடும்ப மண்டலம் என்ற எண்ணம் மிகப் பழையதும் அல்ல. 1916-இல் நியூயார்க் நகரம் முழு நகருக்குமான மண்டல விதியை இயற்றியபோது அதன் கவலை வானளாவிய கட்டடங்கள் தெருவின் வெளிச்சத்தையும் காற்றையும் மறைப்பதாக இருந்தது. அதே 1916-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம்தான் தனிக்குடும்ப வீடுகளுக்கு மட்டுமேயான மண்டலத்தை முதலில் வரையறுத்தது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. முன்னது கட்டடத்தின் உருவத்தைக் கட்டுப்படுத்தியது. பின்னதோ அதே உருவமும் அதே உயரமும் கொண்ட கட்டடத்துக்குள் ஒரு குடும்பம் இருந்தால் சரி, இரண்டு குடும்பங்கள் இருந்தால் தவறு என்று சொன்னது. பின்னர் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் இருந்த மத்திய வணிகத் துறை, மாநிலங்கள் எடுத்தாளக்கூடிய ஒரு மாதிரி மண்டலச் சட்டத்தை 1924-இல் வெளியிட்டு 1926-இல் திருத்தியது. அதன்பின் இந்த முறை நாடெங்கும் வேகமாகப் பரவியது.

சட்ட வலிமையைத் தந்தது ஒஹாயோ மாநிலத்தின் யூக்லிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கு. 1922-இல் அந்த ஊர் மண்டல விதி இயற்றியபோது, ஆம்ப்ளர் ரியால்டி என்ற நிறுவனத்துக்கு அங்கே 68 ஏக்கர் நிலம் இருந்தது. தொழிற்சாலைக்கு என்றால் ஏக்கர் சுமார் 10,000 டாலர் பெறும் நிலம், குடியிருப்புக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டால் 2,500 டாலருக்குத்தான் போகும் என்று அந்நிறுவனம் வாதிட்டது. 1926 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட், தனி வீடுகள் நிறைந்த பகுதியின் திறந்த வெளியையும் இனிய சூழலையும் பயன்படுத்திக்கொள்ள வந்து அமரும் ஓர் ஒட்டுண்ணி என்று அடுக்குமாடிக் குடியிருப்பைக் குறிப்பிட்டார். வழக்கு தொழிற்சாலையைப் பற்றியது. அடுக்குமாடியைக் குறித்த அந்தக் கடுஞ்சொல் வழக்குக்கு அவசியமே இல்லாதது. ஆனாலும் அடுத்த நூறாண்டுகளின் குடியிருப்பு விதிகளில் அந்தச் சொல்லின் நிழல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

இனப் பாகுபாட்டின் வரலாற்றைத் தவிர்த்துவிட்டு இந்த விதிகளைப் புரிந்துகொள்ள முடியாது. 1910-இல் பால்டிமோர் நகரம் எந்தத் தெருவில் எந்த இனத்தவர் வாழலாம் என்று நேரடியாகவே சட்டம் இயற்றியது. பிற நகரங்களும் பின்பற்றின. 1917-இல் லூயிவில் நகரம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. அதன்பின் அந்த வேலையைப் பத்திர நிபந்தனைகள் எடுத்துக்கொண்டன: இந்த மனையை இன்ன இனத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டது. 1934-இல் தொடங்கப்பட்ட மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் தரும்போது அந்த நிபந்தனைகளை ஊக்குவித்தது. அவற்றை நீதிமன்றங்களின் வழியாக அமல்படுத்த முடியாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது; வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1968-இல் வந்தது. இனத்தின் பெயரைச் சொல்லி விலக்கும் வழிகள் இப்படி ஒவ்வொன்றாக அடைபட்டபோது, பணத்தைக் கொண்டு விலக்கும் வழி திறந்தே இருந்தது. அரை ஏக்கருக்குக் குறைந்த மனை கூடாது என்று எழுதிவிட்டால் யாருடைய பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மனையை வற்புறுத்தும் எல்லா ஊர்களும் அந்த நோக்கத்தோடுதான் எழுதின என்று நான் சொல்லவில்லை. விளைவு பெரும்பாலும் அதுவாகவே இருந்தது.

இனி எண்களுக்கு வரலாம். 50 அடி அகலமும் 100 அடி ஆழமும் கொண்ட, 5,000 சதுர அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்புறம் 20 அடி, பின்புறம் 20 அடி, பக்கங்களில் ஐந்தைந்து அடி செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய காலியிடம்) என்பது பல நகரங்களில் காணப்படும் அளவு. எல்லைக்கோட்டிலிருந்து இவற்றைக் கழித்தால் கட்டடத்துக்கு 40 அடிக்கு 60 அடி, அதாவது 2,400 சதுர அடி கட்டம் மிஞ்சும். மனையில் 40 சதவீதத்துக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தால் அது 2,000 ஆகக் குறையும். தளப்பரப்புக் குறியீடு, அதாவது மொத்தத் தளப்பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் உள்ள விகிதம், 0.45 என்றால் எல்லா மாடிகளையும் சேர்த்து 2,250 சதுர அடிக்கு மேல் போக முடியாது. ஆக, உயரம் 35 அடி வரை அனுமதி உண்டு என்று தாராளமாக எழுதியிருந்தாலும், கீழ்த்தளத்தை முழுதாகக் கட்டினால் மேலே 250 சதுர அடியோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். அவற்றில் எது முதலில் பிடித்து நிறுத்துகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அந்த மண்டலத்தின் உண்மையான எல்லை தெரியும். அதே விதிகளை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிக்கப்பட்ட 25 அடி அகல மனைக்குப் பொருத்திப் பாருங்கள்: பக்கத்துக்கு ஐந்து அடி போக வீட்டின் அகலம் 15 அடி. பழைய தெருக்களில் இன்றும் நிற்கும் எத்தனையோ வீடுகளை இன்றைய விதியின்படி மீண்டும் கட்ட முடியாது என்பதன் பொருள் இதுதான்.

அந்த ஐந்து அடிக்கு நல்ல காரணம் உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் குடியிருப்புக் கட்டடக் குறியீட்டின்படி, தீப்பிடித்தால் தானாக நீரைத் தெளிக்கும் தெளிப்பான் இல்லாத வீட்டின் வெளிச்சுவர் மனை எல்லையிலிருந்து ஐந்து அடிக்குள் வந்தால் அது ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் சுவராக இருக்க வேண்டும். மூன்று அடிக்குள் வந்தால் சன்னலே வைக்கக்கூடாது. அமெரிக்கத் தனி வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை; ஒரு வீட்டின் சன்னல் வழியே வெளிவரும் தழல் அடுத்த வீட்டின் சுவரைப் பற்றவைக்கும் தூரத்தை மனத்தில் கொண்டே இந்த எண்கள் எழுதப்பட்டன. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, கட்டடக் குறியீடு இடைவெளியை மட்டும் கேட்கவில்லை என்பதே. இடைவெளி விட முடியாவிட்டால் சுவரை வலுவாக்கு, தெளிப்பான் வை என்று அது மாற்றுவழியைக் கொடுக்கிறது. மண்டல விதி அப்படிக் கொடுப்பதில்லை. பக்க செட்பேக்கைப் பத்து அடி, பதினைந்து அடி என்று உயர்த்தி, அதற்கும் தீப்பாதுகாப்பையே காரணமாகச் சொல்லும் ஊர்களிடம் எந்தச் சோதனை அதைச் சொல்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

முன்புற செட்பேக்கைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 20 அல்லது 25 அடி முன்புல்வெளியைத் தீயோ வெள்ளமோ கேட்பதில்லை. அதில் பயனுள்ள ஒரு கூறு மட்டும் இருக்கிறது: காரேஜின் முன் நிறுத்திய கார் நடைபாதையை மறைக்காமல் இருக்க 18 முதல் 20 அடி நீளம் வேண்டும். அது காரேஜ் கதவுக்குப் பொருந்தும் காரணம். வீட்டின் வாசலும் திண்ணையும் கூடத்துச் சன்னலும் ஏன் அதே தூரம் பின்வாங்க வேண்டும் என்பதற்கு அது விடையல்ல. இதை உணர்ந்த நகரங்கள் காரேஜுக்கு 20 அடி, வீட்டுக்குப் பத்து அடி என்று பிரித்து எழுதுகின்றன. இந்தச் சிறு திருத்தத்தால் பின்புறத்தில் கிடைக்கும் பத்து அடி ஆழத்தில், 50 அடி மனையில் 500 சதுர அடி முற்றம் குடும்பத்தின் கைக்கு வருகிறது.

எல்லா அளவுகளிலும் அதிக விளைவை உண்டாக்குவது குறைந்தபட்ச மனைப் பரப்புதான். இதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பத்து ஏக்கர் நிலம் என்பது 4,35,600 சதுர அடி. சாலைக்கும் வடிகாலுக்கும் கால் பங்கு போய்விடும் என்று கொண்டால் 3,26,700 சதுர அடி மிஞ்சுகிறது. மனை 5,000 சதுர அடி என்றால் 65 வீடுகள். 10,000 என்றால் 32. 20,000 என்றால் 16. நிலத்தின் விலை மூன்றிலும் ஒன்றே என்பதால், ஒரு வீட்டின் தலையில் விழும் நிலப் பங்கு நான்கு மடங்காகிறது. செலவு நிலத்தோடு நிற்பதும் இல்லை. முகப்பு அகலம் 50 அடியிலிருந்து 100 அடியாகும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மடங்கு நீளச் சாலை, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, நடைபாதை வேண்டும். இவற்றை முதலில் போடுவது கட்டுநர். பிறகு பழுதுபார்த்து, இருபது முப்பது ஆண்டுகளில் மீண்டும் போட வேண்டியது நகரம். பெரிய மனைகளால் வரி வருமானம் கூடும் என்று கணக்குச் சொல்பவர்கள் இந்த இரண்டாம் சுற்றுச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெரிய மனைக்கு உண்மையான காரணம் இருக்கும் இடம் ஒன்று உண்டு. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் தொட்டியும் கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் வயலும் வேண்டும். சொந்தக் கிணறும் இருந்தால் இரண்டுக்கும் இடையே போதிய தூரம் வேண்டும். முதல் வயல் அடைத்துப்போனால் மாற்று வயலுக்கும் இடம் வேண்டும். மண் நீரை உறிஞ்சும் வேகத்தைப் பொறுத்து இதற்கு அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தேவைப்படலாம். மண்ணைச் சோதித்து எழுதப்பட்ட அந்த அளவை நான் முழுமனத்தோடு ஆதரிப்பேன். ஆனால் பாதாளச் சாக்கடை வந்த பிறகும் அதே ஒரு ஏக்கர் விதி அப்படியே தொடரும் ஊர்கள் உண்டு. நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1975-இல் மவுண்ட் லாரல் என்ற ஊர் தொடர்பான வழக்கில் இத்தகைய போக்கைத்தான் கண்டித்தது: வளரும் ஊர் ஒவ்வொன்றும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடுகளில் தன் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்று கூறியது. ஊர்கள் இழுத்தடித்ததால் 1983-இல் அதே நீதிமன்றம் அதைச் செயல்படுத்தும் வழிமுறைகளோடு மறுபடியும் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

மனைப் பரப்பைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெக்சஸின் ஹூஸ்டன் நல்ல சான்று. அங்கே வழக்கமான மண்டல விதி கிடையாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் மனைப்பிரிவு விதிகள் உண்டு, அவற்றின்படி தனி வீட்டு மனைக்கு 5,000 சதுர அடி தேவைப்பட்டது. 1998-இல் 610 வளையச் சாலைக்கு உட்பட்ட பகுதியில் அது 1,400 சதுர அடி வரை குறைக்கப்பட்டது. 2013-இல் நகரின் மற்ற பகுதிகளுக்கும் விரிந்தது. ஒரு பழைய வீடு நின்ற 5,000 சதுர அடி மனையில் மூன்று குறுகிய வீடுகள், ஒவ்வொன்றும் சொந்த மனையோடும் சொந்தப் பத்திரத்தோடும், எழ முடிந்தது. எதிர்ப்பும் வந்தது, தங்கள் தெருவுக்கு மட்டும் பழைய அளவைக் காத்துக்கொள்ள விரும்பும் உரிமையாளர்கள் மனுக்கொடுத்துப் பெறும் வழியையும் நகரம் வைத்தது. இந்தச் சமரசம் இல்லாமல் அந்தச் சீர்திருத்தம் நிறைவேறியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. நகரம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முயன்று தோற்பதைவிட அது நல்லது என்றே நினைக்கிறேன்.

சாலை அகலத்தில் இரண்டு நியாயமான தேவைகள் மோதுகின்றன. மாதிரித் தீயணைப்புக் குறியீட்டின்படி தீயணைப்பு வண்டிக்கான வழி தடையின்றி 20 அடி அகலம் இருக்க வேண்டும். வீட்டின் வெளிச்சுவரின் எந்தப் பகுதியும் அந்த வழியிலிருந்து 150 அடிக்குள் எட்ட வேண்டும். 150 அடிக்கு மேல் நீளும் முட்டுச்சந்தில் வண்டி திரும்ப இடம் வேண்டும். அக்குறியீட்டின் பின்னிணைப்பை ஏற்ற ஊர்களில், முட்டுச்சந்தின் முடிவிலுள்ள வட்டம் 96 அடி விட்டம் கேட்கிறது. 30 வீடுகளுக்கு மேல் போனால் இரண்டாவது வழியோ, எல்லா வீடுகளிலும் தெளிப்பானோ வேண்டும். இவை உயிரைக் காக்கும் எண்கள். ஆனால் பல நகரங்களின் பொதுப்பணித் துறைகள் உள்தெருவுக்கும் 36 அடித் தார்ச்சாலையை வற்புறுத்துகின்றன: இருபுறமும் கார் நிறுத்த எட்டெட்டு அடி, நடுவே பத்துப் பத்து அடியாக இரண்டு தடங்கள். ஒரு தனி வீட்டிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்பதரை வாகனப் பயணங்கள் என்பது போக்குவரத்துப் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. முப்பது வீட்டுத் தெருவுக்கு அது நாள் முழுவதும் சேர்த்து முந்நூறுக்கும் குறைவு. உச்ச நேரத்திலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி அளவில்தான் வரும். அதற்கு எதிரெதிர் வண்டிகள் வேகம் குறையாமல் கடக்கும் அகலம் தேவையில்லை. போர்ட்லாந்து நகரம் 1990-களிலேயே 20 அடி, 26 அடித் தெருக்களை அனுமதித்தது. 36 அடியை 26 அடியாகக் குறைத்தால், எதிரெதிரே 50 அடி முகப்புள்ள இரண்டு வீடுகளுக்கு இடையே 500 சதுர அடித் தார் குறைகிறது. அகலம் குறைந்த தெருவில் வண்டிகளின் வேகமும் குறைகிறது. தீயணைப்புத் துறையும் திட்டத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் கார் நிறுத்தத் தடை, தீயணைப்புக் குழாய் எங்கே என்பதை முடிவுசெய்தால் இது சாத்தியம். தனித்தனியாகக் கோப்பில் குறிப்பெழுதினால் ஒவ்வொரு துறையும் தன் பாதுகாப்புக்குச் சில அடிகளைக் கூட்டிக்கொண்டேதான் போகும்.

முட்டுச்சந்து நிறைந்த அமைப்பு தானாக உருவானதன்று. 1929-இல் நியூ ஜெர்சியின் ராட்பர்ன் குடியிருப்பில் காரையும் நடப்பவரையும் பிரிக்க அது பயன்பட்டது. அங்கே முட்டுச்சந்துகளின் பின்புறத்தில் பூங்காவும் நடைவழிகளும் இருந்தன. 1930-களில் மத்திய வீட்டுவசதி நிர்வாகத்தின் வழிகாட்டிகள் வளைந்த தெருக்களையும் முட்டுச்சந்துகளையும் பரிந்துரைத்தன. அதன் கடன் உத்தரவாதத்தை நம்பிய கட்டுநர்கள் அந்த வடிவத்தைப் பின்பற்றினர். ஆனால் பூங்காவும் நடைவழியும் பெரும்பாலும் விடுபட்டுப்போயின. வழி சுற்றிச் செல்வதால் இரண்டு நிமிட நடை தூரத்தில் இருக்கும் பள்ளிக்கும் காரில் போக வேண்டியதாயிற்று.

மழைநீர் விதிகளில் சமரசம் கூடாது. கூரையும் தாரும் கான்கிரீட்டும் மூடிய பரப்பு கூடும்போது முன்பு மண்ணில் ஊறிய நீர் வேகமாகத் திரண்டு கீழேயுள்ளவர் வீட்டுக்குள் புகுகிறது. எனவே, குறிப்பிட்ட பெருமழைகளில் மனைப்பிரிவு அமைந்த பிறகு வெளியேறும் உச்ச நீரோட்டம் முன்பிருந்ததைவிட அதிகரிக்கக்கூடாது என்று பல ஊர்கள் விதிக்கின்றன. தேக்கக் குட்டைகள் அதற்காகத்தான். 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில், வெள்ள அபாயப் பகுதியில் கட்டப்படும் புதிய வீட்டின் மிகத் தாழ்ந்த தளம் அடிப்படை வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. அடிப்படை வெள்ளம் என்பது எந்த ஓர் ஆண்டிலும் ஒரு சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். பேச்சுவழக்கில் அதை நூறாண்டு வெள்ளம் என்று சொல்வதால் பலர் ஏமாறுகிறார்கள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று.

கார் நிறுத்தத்துக்கு வீட்டுக்கு இரண்டு இடம் என்பது மிகப் பரவலான விதி. ஓர் இடம் ஒன்பது அடிக்குப் பதினெட்டு அடி என்றால் இரண்டுக்கு 324 சதுர அடி. அதற்கு முன் 16 அடி அகலத்தில் 20 அடி நீள வழித்தடம் இன்னொரு 320. ஒரு கார் வைத்திருக்கும் முதியவரும் இதைக் கட்டியாக வேண்டும். வழித்தடத்துக்காக ஓரக்கல்லை உடைக்கும் இடத்தில் தெருவோரத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரு நிறுத்துமிடம் போய்விடுகிறது. குறுகிய மனைகள் வரிசையாக உள்ள தெருவில், விதி உண்டாக்கும் இடமும் விதி அழிக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

வீட்டின் அளவுக்கு விதி இருப்பதுபோல் குடும்பத்தின் அளவுக்கும் விதி இருந்திருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இது வியப்பளிக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் பெல் டெர் என்ற சிற்றூர், உறவில்லாதவர்கள் இருவருக்கு மேல் ஒரு வீட்டில் வாழக்கூடாது என்று குடும்பத்தை வரையறுத்தது. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்த ஆறு கல்லூரி மாணவர்களால் வழக்கு எழுந்தபோது, 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது. ஒஹாயோவின் கிழக்கு கிளீவ்லாண்ட் நகரத்தின் விதி இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. இனெஸ் மூர் என்ற பாட்டி, தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் வாழ்ந்துவந்தார். பேரன்களில் ஒருவன் அந்த மகனின் பிள்ளை. மற்றவன் தாயை இழந்து பாட்டியிடம் வந்த, வேறொரு பிள்ளை வழிப் பேரன். இருவரும் உடன்பிறந்தவர்களாக இல்லாததால் இது ஒரே குடும்பம் ஆகாது என்றது நகர விதி. பாட்டிக்கு ஐந்து நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1977-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. தனிக்குடும்பம் என்ற சொல்லை விதியில் எழுதும் எவரும் அந்த வழக்கைப் படித்துவிட்டு எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அனுமதிக்கு ஈடாக நகரம் எதைக் கேட்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. கடற்கரை வீடொன்றைக் கட்டப் பொதுவழி தர வேண்டும் என்று கேட்ட வழக்கில் 1987-இலும், ஒரேகனின் டைகார்ட் நகரம் வெள்ளப் பகுதியையும் மிதிவண்டிப் பாதையையும் கேட்ட வழக்கில் 1994-இலும் உச்ச நீதிமன்றம் இரண்டு சோதனைகளை வகுத்தது: கேட்பதற்கும் திட்டத்தின் பாதிப்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அளவும் ஏறக்குறையப் பொருந்த வேண்டும். கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுண்டி ஒரே ஒரு வீட்டுக்குப் போக்குவரத்துப் பாதிப்புக் கட்டணமாக 23,420 டாலர் விதித்த வழக்கில், சட்டமியற்றும் அமைப்பு பொதுவாக விதிக்கும் கட்டணம் என்பதாலேயே அது இந்தச் சோதனைகளிலிருந்து தப்பிவிடாது என்று 2024-இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது.

சமீப ஆண்டுகளின் மாற்றங்கள் பெரும்பாலும் ஒரு குடும்பம் என்ற எண்ணிக்கையைக் குறிவைக்கின்றன. மினியாபொலிஸ் நகரம் 2018-இல் ஏற்ற திட்டத்தின்படி ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை அனுமதித்தது. ஒரேகன் மாநிலம் 2019-இல் இயற்றிய சட்டம், 10,000-க்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் இரட்டை வீட்டையும், 25,000-க்கு மேற்பட்ட நகரங்களில் நான்கு வீடுகள் வரையிலான கட்டடங்களையும் அனுமதிக்கச் சொன்னது. எண்ணிக்கையை மட்டும் தளர்த்திவிட்டு செட்பேக், மூடுபரப்பு, தளப்பரப்புக் குறியீடு, கார் நிறுத்தம் ஆகியவற்றை அப்படியே விட்டால் பயன் மிகக் குறைவு. மேலே கணக்கிட்ட 2,250 சதுர அடிக்குள் நான்கு வீடுகளையும் எட்டு கார்களையும் எந்த வரைவாளராலும் அடக்க முடியாது.

அந்த வகையில் கலிஃபோர்னியா 2021-இல் இயற்றி 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மனைப்பிரிப்புச் சட்டம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. தனிக்குடும்ப மனையை இரண்டாகப் பிரிக்கலாம். சிறிய துண்டு மொத்தத்தில் 40 சதவீதத்துக்கும், பொதுவாக 1,200 சதுர அடிக்கும் குறையக்கூடாது. ஒவ்வொன்றிலும் இரண்டு வீடுகள் கட்டலாம். பக்கத்திலும் பின்புறத்திலும் நான்கு அடிக்கு மேல் செட்பேக் கேட்க நகரத்துக்கு உரிமையில்லை. தகுதியுள்ள விண்ணப்பத்தைப் பொது விசாரணை இல்லாமல், விதியோடு ஒப்பிட்டு மட்டுமே முடிவுசெய்ய வேண்டும். நான்கு அடி என்பது தீக்கு ஆபத்தான அளவா என்றால், அந்த மாநிலத்தில் புதிய வீடுகளுக்குப் பொதுவாகத் தெளிப்பான் கட்டாயம். தெளிப்பான் உள்ள வீட்டுக்குக் கட்டடக் குறியீடு எதிர்பார்க்கும் இடைவெளி மூன்று அடிதான். வீட்டு உரிமையாளர் சங்கங்களின் பத்திர நிபந்தனைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆகவே அங்கே மனையைப் பிரிக்க எண்ணுபவர் நகரத்தின் விதித்தொகுப்பைத் திறப்பதற்கு முன் தன் கிரயப் பத்திரத்தோடு இணைந்த நிபந்தனைகளைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டும். நகரம் அனுமதித்த பிறகும் அண்டைவீட்டார் அந்த நிபந்தனையைக் காட்டி வழக்குத் தொடர முடியும்.